பதினேழாம் எண் டோக்கன்

அந்த மலையில் ஏற வருகிற யாராக இருந்தாலும் முதலில் மூஞ்சி அக்காவிடம் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். அடிவாரத்து வாசலில் தகரக் கூரை போட்ட ஒரே ஓர் அறை, அதற்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் அவள். சுவரில் அறுபது கொக்கிகள் அடித்த மரப்பலகை. ஒவ்வொரு கொக்கியிலும் எண் குத்திய பித்தளை டோக்கன், அதே கயிற்றில் ஒரு விசில். ஏறுகிறவன் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவான். இறங்கியதும் தானே வந்து ஜன்னலில் நீட்டுவான், அவள் முகத்தைப் பார்த்துப் பழையபடி பலகையில் மாட்டுவாள். கொக்கி காலியாக இருந்தால் ஆள் மேலே இருக்கிறான் என்று அர்த்தம். இதைவிட எளிமையான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் மனிதனுக்கு இதிலும் கோட்டை விடத் தெரியும்.

"மூஞ்சியைக் காட்டு" என்பது அவள் வாயில் நாள் முழுக்கக் கிடக்கும் வார்த்தை. நண்பனின் டோக்கனையும் சேர்த்து நீட்டுகிறவனிடம், "அவன் மூஞ்சி எங்கே?" என்பாள். கழிப்பறைக்குப் போன மனைவிக்காக டோக்கனை நீட்டிய ஒரு டாக்டரை, மனைவி வரும்வரை ஜன்னலடியில் நிற்க வைத்தாள். ஒரு பெரிய அதிகாரி இதில் ரோஷப்பட்டு மேலிடத்துக்கு எழுதிப் போட, அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் அந்தக் கடிதத்தை நாலாக மடித்து வைத்தாள். மேஜை இன்றுவரை ஆடவில்லை.

அறைக்கு வெளியே ஒரு இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஒரு குண்டு பல்பு. மலை நிழல் மூன்று மணிக்கே வாசலில் விழுந்துவிடும் என்பதால் அப்போதே விளக்கைப் போட்டுவிடுவாள். ஒரு டோக்கன் வெளியே இருந்தாலும் விடிய விடிய விளக்கு எரியும். பலகை நிறைந்தால்தான் அணையும். மேலே மாட்டிக்கொண்டவனுக்கு அந்த விளக்கு ஒரு சேதி. உன்னை மறக்கவில்லை, ஆள் வரும் என்று சேதி.

அவளுடைய கண்டிப்பு கூடப் பிறந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி சரி. வேலைக்கு வந்த நாளிலிருந்தே வெளியாட்களிடம் அவள் கறார்தான். வீட்டு ஆட்களிடம் மட்டும் கொஞ்சம் விட்டுப் பிடிப்பாள். அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் போயிற்று.

அவளுடைய வீட்டுக்காரர் கயிற்று வேலைக்காரர். மலை ஏறும் பருவம் தொடங்கும்போது பாறைகளில் இரும்பு முளை அடித்துக் கயிறு கட்டுவதும், பருவம் முடிந்ததும் அவற்றைக் கழற்றிக்கொண்டு வருவதும் வேலை. அவருக்குத் துணை அவளுடைய சொந்தத் தம்பி. அளந்து பேசுகிற மனிதர் அவர். தம்பி வாய் மூடாதவன். மாமனும் மச்சானுமாக ஒரே கயிற்றில் ஒன்பது வருடம் தொங்கியவர்கள்.

பதினான்கு வருடங்களுக்கு முன், பருவத்தின் கடைசி நாள். ஏற வந்தவர்கள் எல்லோரும் மதியத்துக்குள் இறங்கிவிட்டார்கள். பலகையில் காலியாக இருந்தவை இரண்டே கொக்கிகள், பதினாறும் பதினேழும். அவை இறங்கிவிட்டால் நாலு மாதத்துக்கு அறையைப் பூட்டிவிடலாம். காலை ஐந்து மணியிலிருந்து நின்று நின்று அவளுக்குக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. நாலே கால் மணிக்குத் தம்பி வந்தான், தனியாக. பையிலிருந்து இரண்டு டோக்கன்களை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தான்.

"மாமா எங்கேடா?"

"கடைசிக் கயித்தைச் சுத்திக்கிட்டு இருக்காரு. இருபது நிமிஷ வேலை. அப்படியே பின்பக்கப் பாதையா வீட்டுக்கே எறங்கிடறேன்னாரு. இங்க வந்துட்டுப் போனா ஒரு மணி நேரம் சுத்துல்ல?"

"அவரு டோக்கன் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"கழுத்துல கெடந்து கயித்துலயே மாட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு காலைலயே கழட்டி என் பைல போட்டுட்டாரு."

அவள் டோக்கனை எடுக்கவில்லை. "மூஞ்சியைப் பாக்காம மாட்ட முடியாது, தெரியும்ல?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா மூஞ்சியை நீ பாத்ததே இல்லையாக்கும்! கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சுக்கா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் பதினாறோடு அவருடைய பதினேழையும் மாட்டினாள். பலகை நிறைந்தது. நாலரைக்கு விளக்கை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவர் வரவில்லை. அவள் பயப்படவில்லை. பருவத்தின் கடைசி நாள் கயிற்று வேலைக்காரர்கள் யாராவது ஒருவர் அறையில் கூடிக் குடிப்பார்கள். வருடத்துக்கு ஒருநாள் அவருக்கு அது உண்டு. ஒரே மகள் விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் சமைத்து மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள். கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்ததும் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டாள். பிற்பாடு அவளுக்குத் தன்மேல் பொறுக்க முடியாமல் போனது அந்தத் தூக்கத்தைத்தான். இத்தனைக்கும் நல்ல தூக்கம், ஒரு கெட்ட கனவுகூட வரவில்லை.

காலையில் மூடி வைத்த பாத்திரம் மூடியபடியே இருந்தது. எட்டு மணிக்குக் கோபத்தோடுதான் கிளம்பினாள். குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனாள். கயிற்று வேலைக்காரர்களின் அறையில் ஆறு பேர் கிடந்தார்கள். ஆறு முகத்தையும் பார்த்தாள். அவர் இல்லை.

"அண்ணன் நேத்து இங்க வரவே இல்லையே அக்கா" என்றான் ஒருவன், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

மீட்புக் குழுவின் தலைவரை எல்லோரும் மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவள் மூச்சு வாங்க ஓடி வந்ததைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் ஜன்னல் வழியாக வாசல் கம்பத்தை எட்டிப் பார்த்தார்.

"விளக்கு நேத்து சாயங்காலமே அணைஞ்சுடுச்சேம்மா. பலகை நிறைஞ்சுதானே பூட்டினே? மேல ஆளே கெடையாதே."

"பதினேழை நான்தாண்ணே மாட்டினேன். அவர் மூஞ்சியைப் பாக்கல."

மொட்டை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து போய்க் கயிற்றுப் பையை எடுத்தார்.

பருவம் முடிந்துவிட்டதால் குழு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். நாலு பேரைச் சேர்த்துக் கிளம்பும்போது மணி பதினொன்று. செல்போன் மேலே எடுக்காது. முந்தின ராத்திரி முழுக்க வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சாயங்காலமே கிளம்பியிருந்தால் நடுராத்திரிக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். பன்னிரண்டரைக்குப் பனி கொட்டத் தொடங்கியது. இரண்டு மணிக்கு நாலடிக்கு முன்னால் போகிறவனின் முதுகு தெரியவில்லை. அவர்கள் கத்திப் பார்த்தார்கள், நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள், காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிவிட்டார்கள். திரும்பிய இடத்துக்கு மேலே இருநூறு அடியில் அவர் இருந்தார். விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பார், அந்தத் தூரத்துக்கு நிச்சயம் கேட்டிருக்கும். விசில் டோக்கனோடு சேர்ந்து பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பனி விட்டதும் ஏறிப் போய், காலை பத்து மணிக்கு ஒரு பாறை இடுக்கில் அவரைக் கண்டுபிடித்தார்கள். முளை ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்ததில் இருபதடி சறுக்கிக் கணுக்கால் முறிந்திருந்தது. முட்டி போட்டே இடுக்கு வரைக்கும் ஊர்ந்திருக்கிறார். சுற்றி வைத்த கயிற்றை வட்டமாகத் தரையில் போட்டு, குளிர் ஏறாமல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். கால்களைப் பைக்குள் நுழைத்துக்கொண்டிருக்கிறார். கையில் இருந்த சுத்தியலால் பாறையைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், தூங்காமல் இருக்க. மீட்புக்குழு பார்த்தபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தார். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை, சுத்தியலைக் கையிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு பாதத்திலும் பாதியை எடுத்துவிட்டார்கள், இடது கையில் மூன்று விரலையும். முதல் ராத்திரியோடு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம், இரண்டாவது ராத்திரிப் பனிதான் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். எல்லோரிடமும் சொல்கிற சாதாரணக் குரலில்தான் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அவருக்குப் பேச்சு வந்தது. கட்டு மாற்ற வந்த நர்ஸ், "ரெண்டு நாள் எப்படிங்க தாங்கினீங்க?" என்று கேட்டாள். மொட்டையும் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கீழ வாசல் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சும்மா" என்றார் அவர். "ராத்திரி பூரா எரிஞ்சுச்சு. இவ மூஞ்சியைப் பாக்காம டோக்கனை மாட்டவும் மாட்டா, விளக்கை அணைக்கவும் மாட்டா. ஆள் வரும்னு தெரியும். அதைப் பாத்துக்கிட்டேதான் முழிச்சுக் கெடந்தேன்."

அவள் கையில் தம்ளர் இருந்தது. மொட்டை தரையைப் பார்த்தார். அந்த நிமிடம் அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

தம்பி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போனான். இப்போது எங்கோ லாரி ஓட்டுகிறான். வருடத்துக்கு ஒருமுறை போன் பண்ணி, "மாமா எப்படி இருக்காரு?" என்று கேட்பான். "பேசறியாடா?" என்றால் வண்டியை எடுக்க வேண்டும் என்பான். அவ்வளவு பேசுகிறவன் இப்போது ஒரு நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறான்.

வீட்டுக்காரர் கையால் சுற்றுகிற தையல் மெஷின் ஒன்றை வாங்கிப்போட்டுக்கொண்டு கூடாரமும் பையும் தைக்கத் தொடங்கினார். மலையேறிகள் கிழிசலைத் தைக்கக் கொடுத்துவிட்டு அவர் வாயால் கதை கேட்பார்கள். அளந்து பேசுகிற மனிதர் இதை மட்டும் சலிக்காமல் சொல்வார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அதனால் பிழைத்தேன். கேட்டவர்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, இதானா அந்த விளக்கு?" என்று கம்பத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். "எடுத்தாச்சுல்ல, நட" என்று விரட்டுவாள். அடக்கமான பெண்மணி என்று பெயர் கிடைத்தது. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

பதினேழாம் எண்ணை அதற்குப் பிறகு அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. ராசி பார்க்கிறாள் என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளை அரித்தது ஒரே ஒரு கேள்வி. நாலரை மணிக்கு விளக்கை அணைத்தவள் அவள். அது எப்படி ராத்திரி பூரா எரியும்? குளிர் தலைக்கேறினால் இல்லாதது கண்ணுக்குத் தெரியும் என்று மொட்டை சொல்லியிருக்கிறார். அப்படி இருந்தால் சரி. அந்த இடுக்கிலிருந்து வாசலே தெரியாது, பிதற்றலில் கண்டதைத்தான் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறார் என்றால் அதுவும் சரி. ஆனால் அங்கிருந்து கம்பம் தெரியும் என்றால், அது அணைந்ததையும் அவர் பார்த்திருப்பார். அப்படியானால் பதினான்கு வருடமாக அவர் ஊருக்கெல்லாம் சொல்வது என்ன?

முப்பது வருடம் மலை வாசலில் உட்கார்ந்தவள் ஒருநாளும் மேலே ஏறியதில்லை. ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மொட்டையிடம் போய் நின்றாள்.

"என்னை அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே."

"எதுக்கும்மா இப்போ? அம்பத்தெட்டு வயசுல முட்டியைப் பேத்துக்கவா?"

"சாயங்காலம் அங்க இருக்கணும். விளக்கு தெரியுதான்னு பாக்கணும்."

"எனக்குத் தெரியும், அந்த எடத்துல நான் நின்னவன். சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே பாக்கணும்."

அவளுக்குப் பதிலாக வேலைக்கு வந்திருந்த பெண்ணிடம் அன்று ஜன்னலை ஒப்படைத்தாள். பதினேழை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "மூணு மணிக்கு விளக்கைப் போடு. சரியா நாலரைக்கு ஒரு தடவை அணை. அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் போடு. நான் வந்து நிக்கற வரைக்கும் அணைக்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும்."

"நீங்க சொல்லி அனுப்பினாக்கூடவா அக்கா?"

"நான் சொல்லி அனுப்பினாலும்தான்."

மூன்று மணி நேர ஏற்றம் அவளுக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. பாதி வழியிலிருந்து மொட்டை அவளைக் கயிற்றால் தன்னோடு பிணைத்துக்கொண்டார். கடைசி ஐம்பதடியைக் கையும் காலுமாக ஏறினாள். அவர் இதே பாறையில்தான் ஒடிந்த காலோடு ஊர்ந்தார் என்ற நினைப்பு வந்ததும் நிற்காமல் ஏறினாள். இடுக்கு அவள் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு ஆள் காலை மடக்கி உட்காரலாம், படுக்க முடியாது. பாறையில் ஓரிடத்தில் வெள்ளை வெள்ளையாகக் குழிகள் இருந்தன. சுத்தியல் பட்ட இடம். அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு உட்கார்ந்து, அவர் உட்கார்ந்திருந்த மாதிரியே முதுகைச் சாய்த்துக்கொண்டு, தலையை நிமிர்த்தினாள். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுக்க நிழல். நிழலுக்கு நடுவில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி, நேர் எதிரில். அந்த இடுக்கில் உட்கார்ந்தவன் கண்ணைத் திறந்தால் வேறு எதையும் பார்க்க முடியாது.

மொட்டை வாட்சைப் பார்த்தார். "நாலரை" என்றார்.

புள்ளி அணைந்தது.

அவள் அழுதாள். வாய்விட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதாள், அங்கே கேட்க யாரும் இல்லை. அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத்தான் தெரியும். விளக்கு மறுபடி எரிந்ததும் மொட்டை அவள் தோளைத் தொட்டு, "எறங்கலாம்மா" என்றார்.

இறங்கி வந்து, புதுப் பெண்ணுக்கு முகத்தைக் காட்டி, பதினேழைத் தன் கையால் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அவர் ஒரு பைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய கிழிந்த முழங்கால் துணியையும் கையில் இருந்த சிராய்ப்பையும் பார்த்தார்.

"எங்க போயிட்டு வர்றே?"

"மேல. நீங்க உக்காந்திருந்த எடத்துக்கு."

மெஷின் நின்றது.

"அங்கேருந்து விளக்கு நல்லாத் தெரியுதுங்க" என்றாள். "அன்னிக்கு நாலரைக்கு அதை நான்தான் அணைச்சேன். உங்க டோக்கனை நான்தான் மாட்டினேன்."

அவர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பல்ப் போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

"பல்ப் போகல."

"தெரியும். அன்னிக்கு ராத்திரி பூரா பல்ப்தான் போயிடுச்சு, பல்ப்தான் போயிடுச்சுன்னு சொல்லிக்கிட்டே தட்டினேன். மறுநாள் மதியம் வரைக்கும் ஒருத்தரும் வரல. அப்பவும் பல்ப்னுதான் சொல்லிக்கிட்டேன். வேற மாதிரி நெனச்சிருந்தா படுத்திருப்பேன்."

"அப்புறம் ஏன் எரிஞ்சுதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரில கண்ணைத் தொறந்தேன். உன் மூஞ்சியைப் பாத்தேன்." ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "இப்ப நீ சொல்லிட்டே. சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"என்னால முடியலைங்க."

"கோவம் இல்லேன்னு மட்டும் நெனைக்காதே. இருக்கு. இல்லாத கால் வெரல் அரிக்குது பாரு, சொறிய ஒண்ணும் இருக்காது. அப்பல்லாம் உன் மேலதான் வரும். பதினாலு வருஷமா வருது. உனக்குத் தெரியக் கூடாதுன்னு திரும்பிப் படுத்துக்குவேன்."

அவளுக்கும் தெரியும், அவர் திரும்பிப் படுப்பது. தையல் வேலையில் முதுகு வலி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"இப்ப அரிக்குதா?" என்று கேட்டாள்.

அவர் மெஷினைச் சுற்றத் தொடங்கினார். ஜிப்பின் ஒரு பக்கம் முடிந்து மறு பக்கம் போகும்வரை சுற்றினார். அவள் எழுந்து போகவில்லை. அவர் பையை ஓரமாக வைத்துவிட்டு, காலுறையைக் கழற்றி, பாதி மட்டும் இருந்த வலது பாதத்தை அவள் பக்கமாக நீட்டினார்.